"பாசிட்டிவ்" என்ற ஒரு வார்த்தை போதாது: ஹெபடைடிஸ் பி, கீழாநெல்லி, பழவேற்காடு

1/ ரத்த ரிப்போர்ட்டில் "ஹெச்பிஎஸ்ஏஜி - பாசிட்டிவ்" என்று ஒரே ஒரு வரி இருக்கும். நம்ம ஊரில் அந்த ஒரு வரியை வைத்து வேலை போகும், கல்யாணப் பேச்சு நிற்கும், ஆபரேஷன் தள்ளிப் போகும். அந்த வரியை வைத்து ஆரம்பிக்க வேண்டிய வைத்தியம் மட்டும் ஆரம்பிக்காது. இந்த இழை அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/ பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இருந்து வருகிறவர்களைப் பார்க்கிற பொது மருத்துவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். நாம் இந்தப் பரிசோதனையை ஆளை ஒதுக்கப் பயன்படுத்துகிறோம். ஆளைக் காப்பாற்றத்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. இதை மாற்றப் பெரிய செலவு ஆகாது. என்ன செய்யணும் என்று கடைசியில் சொல்றேன்.

3/ முதலில் இந்த ஹெச்பிஎஸ்ஏஜி என்பது என்ன? ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம். வைரஸ் நம் கல்லீரல் செல்லுக்குள் புகுந்து தன்னைப் பெருக்கும்போது இந்தப் புரதமும் ரத்தத்தில் கொட்டும். லேபில் வைரஸை நேராகப் பார்ப்பதில்லை. அது விட்டுச் செல்கிற இந்தப் புரதத்தைத்தான் தேடுகிறார்கள்.

4/ இதன் கதை சுவாரசியமானது. 1960களில் பரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் உலகம் முழுக்க மக்களின் ரத்தத்தைச் சேகரித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதுப் புரதம் கிடைத்தது. 1965ல் அதை வெளியிட்டார்கள். பெயர் "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்". இன்றைக்கும் வயதான டாக்டர்கள் சிலர் இதை அந்தப் பெயரில்தான் சொல்வார்கள்.

5/ அது ஹெபடைடிஸ் பி வைரஸின் புரதம் என்பது அப்புறம்தான் தெரிய வந்தது. முழு வைரஸை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் காட்டியவர் லண்டனில் டேவிட் டேன், 1970ல். அதாவது முதலில் சிக்கியது புரதம், பிறகுதான் வைரஸ். பிளம்பர்க்குக்கு 1976ல் நோபல் பரிசு. அவர் பிறந்த ஜூலை 28தான் இன்று உலக ஹெபடைடிஸ் தினம்.

6/ இப்போ முக்கியமான விஷயம். இந்த வைரஸ் ஒரு தந்திரம் செய்யும். ஒரு முழு வைரஸை வெளியே அனுப்பும்போது, உள்ளே சரக்கே இல்லாத வெறும் உறைகளை ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சம் வரை சேர்த்து அனுப்பும். நம் எதிர்ப்பு சக்தி அந்த வெறும் உறைகளைத் துரத்திக் களைத்துப் போகும். நிஜ வைரஸ் தப்பித்துவிடும்.

7/ பழவேற்காட்டுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்றேன். கரையில் ஆயிரம் படகு நிற்கிறது. அதை எண்ணிவிட்டு "இன்னிக்கு ஆயிரம் பேர் கடலுக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல முடியுமா? ஹெச்பிஎஸ்ஏஜி படகு இருக்கு என்று சொல்லும். அதில் எத்தனை படகில் ஆள் இருக்கு, எத்தனை இப்போ தொழிலுக்குப் போகுது என்று சொல்லாது. அதற்கு வேறு கணக்கு வேணும்.

8/ அந்த வேறு கணக்குகள் எவை? மூன்று.
ஒன்று, ஹெச்பிஇஏஜி. இது வைரஸின் இன்னொரு புரதம். பொதுவாக, வைரஸ் வேகமாகப் பெருகும் காலத்தில் ரத்தத்தில் தெரியும்.
இரண்டு, வைரல் லோடு. ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸின் டிஎன்ஏ எவ்வளவு என்ற எண்.
மூன்று, கல்லீரலின் நிலை. ஏஎல்டி, ஏஎஸ்டி, பிளேட்லெட், வயிற்று ஸ்கேன்.

9/ இந்த மூன்றும் இல்லாமல் வெறும் "பாசிட்டிவ்" என்பது பாதி வாக்கியம். ஒரே பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு மூன்று பேர் வரலாம். ஒருத்தருக்கு வைரஸ் அடங்கிக் கிடக்கும், வருடா வருடம் பார்த்தால் போதும். இன்னொருத்தருக்கு உடனே மாத்திரை வேணும். மூன்றாமவருக்கு ஈரல் ஏற்கனவே சுருங்க ஆரம்பிச்சிருக்கும். ஆனா மூணு பேரும் வெளியே நல்லாத்தான் இருப்பாங்க.

10/ "எனக்குக் காமாலையே வரலியே டாக்டர்" என்பதுதான் அதிகம் கேட்கிற வசனம். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யில் பெரும்பாலானவர்களுக்குக் காமாலை வராது. கண் மஞ்சளாகாது, வலிக்காது, வலை இழுக்கிற தெம்பு குறையாது. இருபது முப்பது வருடம் அப்படியே ஓடும். தெரிய வரும்போது வயிற்றில் தண்ணி கோத்திருக்கும், இல்லேன்னா ஈரலில் கட்டி இருக்கும்.

11/ உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி 2022ல் உலகில் 25.4 கோடி பேருக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருந்தது. அந்த ஒரு வருடத்தில் 11 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 2.98 கோடி பேர். உலக அளவில் தொற்று உள்ளவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் அது தெரிந்திருந்தது. மருந்து கிடைத்தது 3 சதவீதம் பேருக்கு.

12/ இனி கீழாநெல்லிக்கு வருவோம். இதைப் பேசாமல் தமிழ்நாட்டில் ஹெபடைடிஸ் பி பற்றிப் பேச முடியாது. "பாசிட்டிவ்" என்ற மறுநாளே வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் அதைக் கிண்டல் செய்யப் போவதில்லை. ஏன்னா இந்தச் செடியை உலகத்தின் மிகப் பெரிய மருத்துவ இதழ்களில் ஒன்றுக்குக் கொண்டு போனவர்களே நம்ம சென்னைக்காரர்கள்தான்.

13/ சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஒரு ஆய்வு செய்தார்கள். கூட்டாளி யார் தெரியுமா? இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த அதே பிளம்பர்க். 1988 அக்டோபரில் லான்செட் இதழில் வெளியானது. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லிப் பொடி 30 நாள், இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை.

14/ முடிவு: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதம் பேருக்கு, ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்துவிட்டது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. நம்ம பாட்டி வைத்தியம் ஜெயிச்சுடுச்சு என்று நமக்குப் பெருமை. நியாயமான பெருமைதான்.

15/ ஆனா அந்தக் கட்டுரையே தன்னை "முதற்கட்ட ஆய்வு" என்றுதான் சொன்னது. தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்றுதான் முடித்தது. விஞ்ஞானத்தில் ஒரு முறை ஜெயித்தால் போதாது. வேற ஊர், வேற ஆட்கள், வேற கைகள் செய்தாலும் அதே விடை வரணும்.

16/ செய்து பார்த்தார்கள். 1990ல் தாய்லாந்துக் குழு: கீழாநெல்லியால் ஹெச்பிஎஸ்ஏஜியை நீக்க முடியவில்லை. 1994ல் நியூசிலாந்துக் குழு: பலன் இல்லை. 2011ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு எல்லாவற்றையும் அலசிப் பார்த்தது. ஹெபடைடிஸ் பி-யில் வெற்று மாத்திரையைவிட இது மேல் என்று சொல்ல நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது.

17/ நம்ம ஊரில் என்ன நடந்தது? 1988ன் செய்தி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 1990ம் 1994ம் 2011ம் போய்ச் சேரவே இல்லை. கதையின் முதல் பாதியை மட்டும் வைத்து முப்பத்தஞ்சு வருடத்துக்கு மேல் ஒரு வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது.

18/ "அப்போ எங்க தாத்தாவுக்குக் கீழாநெல்லியில காமாலை போச்சே?" போயிருக்கும். நம் ஊரில் திடீரென வரும் காமாலையில் பெரும்பகுதி கெட்ட தண்ணீரால், கெட்ட உணவால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். பெரியவர்களுக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி வந்தாலும் 100ல் 95 பேருக்கு மேல் தானாகவே வெளியேறிவிடும். அந்தப் பெயர் கீழாநெல்லிக்குப் போகும்.

19/ நாள்பட்ட தொற்றில் கதை வேறு. ஆறு மாதத்துக்கு மேல் ஹெச்பிஎஸ்ஏஜி ரத்தத்தில் இருந்தால் அது நாள்பட்டது. அது தானாக மறைவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். அந்த ஒருத்தர் எந்த மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாரோ, அந்த மருந்துக்குப் பெயர் வந்துவிடும். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவு இல்லாமல் எந்த மருந்தையும் நம்பக் கூடாது.

20/ இன்னொரு ஒப்பீடு. 2022ல் பெபிரோவிர்சென் என்ற புது ஊசியின் ஆய்வு வெளியானது. 24 வாரம், வாரா வாரம் ஊசி. அதிக அளவு கொடுத்த பிரிவில் ஹெச்பிஎஸ்ஏஜியும் வைரஸும் மறைந்து, மருந்தை நிறுத்தி 24 வாரம் ஆன பிறகும் அப்படியே இருந்தது 9 முதல் 10 சதவீதம் பேருக்கு. மருத்துவ உலகம் அதையே பெரிய முன்னேற்றம் என்றது.

21/ நூற்றில் பத்தே பெரிய விஷயம் என்றால், "45 நாளில் நூறு சதவீதம் நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன்" என்று யூடியூபில் பேசுகிறவரை என்ன சொல்வது? நான் திட்டச் சொல்லவில்லை. ஒரே கேள்வி கேளுங்க: "ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் ஆனது என்று அரசு மருத்துவமனை லேபில் ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்த ரிப்போர்ட் உண்டா?"

22/ அவர்கள் காட்டுவது பெரும்பாலும் பிலிருபின் ரிப்போர்ட், இல்லேன்னா ஏஎல்டி குறைந்த ரிப்போர்ட். அவை ஈரலின் வீக்கத்தைச் சொல்பவை. வைரஸ் போனதற்குச் சாட்சி அல்ல. ஹெபடைடிஸ் பி-யில் ஏஎல்டி தானாகவே ஏறும், இறங்கும். இறங்குகிற நேரத்தில் மருந்து கொடுத்தவருக்குக் கைராசி டாக்டர் பட்டம்.

23/ இதே குழப்பத்தின் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அது இதைவிட ஆபத்தானது. அரசு மருத்துவமனையில் டெனோஃபோவிர் ஆரம்பிப்பார்கள். தினம் ஒரு மாத்திரை. ஆறு மாதம் கழித்து நோயாளி தன் காசில் வெளியே ஹெச்பிஎஸ்ஏஜி பார்ப்பார். இன்னும் பாசிட்டிவ். "மருந்து வேலை செய்யலை" என்று நிறுத்திவிடுவார்.

24/ மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கும். டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் புது வைரஸ் உருவாவதைத் தடுக்கும். வைரல் லோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். ஆனா செல்லின் கருவுக்குள் வைரஸ் போட்டுவைத்த மூலப் பிரதி அங்கேயே இருக்கும். நம் மரபணுவோடு ஒட்டிக்கொண்ட துண்டுகளும் புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் ஹெச்பிஎஸ்ஏஜி பல வருடம் பாசிட்டிவாகவே வரும்.

25/ படகு உதாரணத்தில் சொன்னால், ஆள் ஏறுவது நின்றுவிட்டது. காலிப் படகுகள் மட்டும் கரையில் நிற்கின்றன. அதைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வைரஸ் திரும்பக் கிளம்பும். சிலருக்கு ஈரல் திடீரெனக் கடுமையாகப் பாதிக்கப்படும். உயிரே போகலாம். டாக்டர் சொல்லாமல் டெனோஃபோவிரை நிறுத்தாதீங்க. இந்த இழையில் ஒரே ஒரு வரி ஞாபகம் இருக்கணும்னா அது இதுதான்.

26/ சரி, "ஹெச்பிஎஸ்ஏஜி எவ்வளவு இருக்கு" என்று எண்ணாகச் சொல்லும் பரிசோதனையும் இருக்கே? இருக்கிறது. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் சொல்லாமல் மில்லிக்கு இத்தனை யூனிட் என்று சொல்லும். பயனுள்ள பரிசோதனைதான். ஆனா யாருக்கு, எப்போ என்று தெரிந்து செய்யணும்.

27/ ஹெச்பிஇஏஜி நெகட்டிவ், வைரல் லோடு 2,000 யூனிட்டுக்குக் கீழே, ஹெச்பிஎஸ்ஏஜியும் 1,000 யூனிட்டுக்குக் கீழே: இந்த மூன்றும் சேர்ந்தால் வைரஸ் அடங்கிய நிலை என்று ஓரளவு நம்பலாம். 100 யூனிட்டுக்கும் கீழே போனால் ஒருநாள் தானாகவே மறையும் வாய்ப்பு கூடுதல்.

28/ மறுபக்கமும் உண்டு. வைரல் லோடு குறைவாக இருந்தும் ஹெச்பிஎஸ்ஏஜி 1,000க்கு மேல் இருப்பவர்களுக்கு, பின்னாளில் ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று தைவான் ஆய்வாளர்கள் 2012ல் காட்டினார்கள். அதாவது சிலருக்கு இந்த எண் ஒரு எச்சரிக்கை மணி.

29/ ஆனா இந்த எண் வைரல் லோடுக்கு மாற்று கிடையாது. மாதாமாதம் பார்க்க வேண்டியதும் கிடையாது. "போன மாசம் 3,200, இந்த மாசம் 3,050, குறையுது பாருங்க" என்று ஒவ்வொரு மாதமும் காசு வாங்கும் இடங்கள் உண்டு. அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. அந்தப் பணத்தில் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்தால் உயிருக்கு உபயோகம்.

30/ இப்போ எனக்கு மிகவும் கவலை தருகிற இடம்: கர்ப்பிணிகள். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் 90 சதவீதம் பேருக்கு அது வாழ்நாள் தொற்றாகிவிடும். பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் கீழே. ஆக இந்த நோயின் தலையெழுத்து பிரசவ அறையில்தான் எழுதப்படுகிறது.

31/ இங்கேதான் அந்த இரண்டாவது புரதம் முக்கியம். தடுப்பு எதுவும் போடாவிட்டால், ஹெச்பிஇஏஜி பாசிட்டிவான தாயின் குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 70 முதல் 90 சதவீதம். நெகட்டிவான தாய்க்கு 10 முதல் 40 சதவீதம். ஒரே "பாசிட்டிவ்" ரிப்போர்ட்டுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

32/ என்ன செய்யணும்? பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசி. தாய்க்கு ஹெச்பிஇஏஜி பாசிட்டிவ் அல்லது வைரல் லோடு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் என்றால் கர்ப்ப காலத்திலேயே டெனோஃபோவிர். இந்த இரண்டு பரிசோதனைக்கும் வசதியே இல்லாத இடத்தில் ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவான எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024ல் சொல்லிவிட்டது. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

33/ இது கனவு இல்லை. தைவான் 1984லேயே ஆரம்பித்தது. கர்ப்பிணிகளுக்கு இரண்டு புரதத்தையும் பரிசோதித்து, தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு முதலில் தடுப்பூசி, 1986ல் இருந்து எல்லாக் குழந்தைகளுக்கும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் குழந்தைகளிடம் ஈரல் புற்றுநோய் குறைந்ததைக் காட்டினார்கள். தடுப்பூசியால் புற்றுநோயைத் தடுக்க முடியும் என்று உலகம் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

34/ தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். குழந்தை நம் கைக்குள்தான் பிறக்கிறது. 24 மணி நேரக் கெடுவைத் தவறவிட நமக்கு ஒரு சாக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, இரவு இரண்டு மணி எதுவும் சாக்கு ஆகாது.

35/ இனி பழவேற்காடு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரி ஊர்களில் ஏரித் தொழிலுக்குப் பாடு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துக் கொடுப்பது. உங்க முறை வரும் நாளில் நீங்க இல்லேன்னா இறால் உங்களுக்காகக் காத்திருக்காது.

36/ அப்படிப்பட்ட ஒருத்தரிடம் நாம் என்ன சொல்கிறோம்? "பாசிட்டிவ் வந்திருக்கு, பொன்னேரி போங்க." அங்கே போனால் "திருவள்ளூர் போங்க." அப்புறம் "சென்னை போங்க." ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத ஆள் எத்தனை பாட்டை விட்டுவிட்டு வருவார்? இரண்டாவது தடவையே வரமாட்டார். அப்புறம் நாம் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று எழுதுவோம்.

37/ விழிப்புணர்வு இல்லை என்பது பாதி உண்மை. ஆளை அலையவிடுகிறோம் என்பதுதான் மீதி. அலைய வேண்டியது ரத்தக் குழாய், மனுஷன் இல்லை. ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் வந்தால் அதே ரத்தத்தில், அதே நாளில், யாரும் தனியாக எழுதிக் கொடுக்காமலே அடுத்த பரிசோதனைகள் தானாக நடக்கணும். வைரல் லோடுக்கு இப்படிச் செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே 2024 வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது.

38/ கருவியும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. காசநோய்க்காக அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளிலேயே ஹெபடைடிஸ் பி வைரல் லோடு பார்க்க முடியும். அதற்கான கார்ட்ரிட்ஜும் சிப்பும் சந்தையில் உண்டு. ஏஎஸ்டி, பிளேட்லெட் இரண்டும் இருந்தால் ஈரலில் தழும்பு இருக்குமா என்று ஒரு சின்னக் கணக்கு போட்டே ஊகிக்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே முடிகிற காரியம்.

39/ மருந்துக்கும் வழி இருக்கு. 2018 ஜூலை 28ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். திட்டம் இருக்கு, மாத்திரை இருக்கு, நோயாளியும் இருக்கார். நடுவில் இருக்கிற அந்த இரண்டு மூன்று பஸ்தான் பிரச்சனை.

40/ அடுத்து, ஒதுக்கி வைப்பது. தெளிவாகச் சொல்றேன். ஹெபடைடிஸ் பி ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. கட்டிப்பிடித்தால், இருமினால், ஒரே படகில் போனால் பரவாது. மீனால் பரவாது. தொற்றுள்ள ஒரு அக்கா கூடையில் மீன் விற்றால் அந்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது.

41/ பரவுவது ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு. ஒருவர் பயன்படுத்திய ஊசி, ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ் வேண்டாம். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியேயும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். 2009ல் குஜராத்தின் மோடாசாவில் பயன்படுத்திய ஊசிகளைத் திரும்பப் போட்டதால் பல உயிர்கள் போயின. வலை அறுத்த காயம், கெளுத்தி முள் குத்திய காயம் இருந்தால் கட்டுப் போட்டு மூடுங்க. அவ்வளவுதான்.

42/ வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் "அன்ஃபிட்". சமையல் வேலையோ, டிரைவர் வேலையோ, ஒரே பதில். அந்த விதி நம் கையில் இல்லை. ஆனா அன்ஃபிட் என்று காகிதம் கொடுக்கும் இடத்தில் "அடுத்து இந்த டாக்டரைப் பாருங்க" என்று ஒரு வரி சேர்க்க யார் தடுத்தது? வேலையும் போய், வைத்தியமும் இல்லாமல் ஒரு இளைஞனை வெளியே அனுப்புவது மருத்துவம் ஆகாது.

43/ ஹெச்ஐவி உள்ளவர்களை வேலையிலும் மருத்துவமனையிலும் ஒதுக்கக் கூடாது என்று 2017ல் சட்டமே வந்தது. ஹெபடைடிஸ் பி-க்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. வர வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷனைத் தட்டிக் கழிக்கும் சக மருத்துவர்களுக்கு: எல்லா நோயாளியிடமும் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு முறையைக் கடைப்பிடித்தாலே போதும். நீங்களும் தடுப்பூசி போட்டிருப்பீங்கதானே?

44/ "டெஸ்ட் பண்ணாமலே இருந்துடலாமே, தெரிஞ்சாதானே பிரச்சனை" என்று ஒருத்தர் கேட்டார். அவர் பயத்தில் நியாயம் இருக்கு. தெரிந்தால் ஊர் ஒதுக்கும், தெரியாவிட்டால் நிம்மதி. ஆனா குழந்தையாக இருந்தபோது தொற்று வந்தவர்களில் கால்வாசிப் பேர் வரை பின்னாளில் ஈரல் சுருக்கத்தாலோ புற்றுநோயாலோ இறக்கிறார்கள். ஊரை மாற்றுவது கஷ்டம்தான். அதற்காக ஒருத்தர் உயிரைப் பணயம் வைக்க முடியாது.

45/ உங்களுக்கு பாசிட்டிவ் வந்திருந்தால் செய்ய வேண்டியது:
• ஒருமுறை ஊர்ஜிதம் செய்யுங்க. சமீபத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் சில நாட்களுக்குப் பொய்யாக பாசிட்டிவ் காட்டலாம்.
• ஹெச்பிஇஏஜி, வைரல் லோடு, ஏஎல்டி, ஏஎஸ்டி, பிளேட்லெட், ஸ்கேன் கேளுங்க.
• ஏஎல்டி ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19க்கு மேல் என்றாலே கவனிக்கணும்.
• ஹெச்பிஇஏஜி நெகட்டிவ் என்றதும் நிம்மதி ஆகிடாதீங்க. அந்தப் புரதத்தைக் காட்டாமலே பெருகுகிற மாறிய வைரஸ் உண்டு. வைரல் லோடு பார்த்தால்தான் தெரியும்.

46/
• வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை. நெகட்டிவ் ஆனவர்களுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி.
• சாராயம் வேண்டாம். இதில் பேரமே கிடையாது.
• கீழாநெல்லி பிடிக்கும்னா டாக்டரிடம் சொல்லிட்டு சாப்பிடுங்க. ஆனா மாத்திரைக்குப் பதிலாக அல்ல.
• மாவட்ட அரசு மருத்துவமனையில் "ஹெபடைடிஸ் திட்ட மையம் எங்கே" என்று கேளுங்க. காசு கொடுத்து வெளியே வாங்குவதற்கு முன்னாடி கேளுங்க.

47/ சுகாதாரத் துறைக்கு மூன்றே கோரிக்கை. ஒன்று, பாசிட்டிவ் வந்த அதே ரத்தத்தில் அடுத்த பரிசோதனைகள், ரிசல்ட் போனில். இரண்டு, பழவேற்காடு மாதிரி ஒதுக்குப்புற ஊர்களுக்கு மாதம் ஒரு நாள் ஹெபடைடிஸ் கிளினிக், மீனவப் பஞ்சாயத்தைக் கேட்டு நாள் குறித்து. மூன்று, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஹெச்பிஎஸ்ஏஜியோடு நிறுத்தாமல் ஹெச்பிஇஏஜியும்.

48/ ஆஸ்திரேலியாவில் ஒருவர் ரத்தத்தில் கிடைத்த புரதம் உலகத்துக்கே ஒரு தடுப்பூசியைக் கொடுத்தது, மாற்று ரத்தத்தைப் பாதுகாப்பாக்கியது. அதே புரதத்தின் பெயர் நம்ம ஊரில் ஒரு முத்திரையாக ஆளின் நெற்றியில் குத்தப்படுகிறது. அளக்கத் தெரிந்த நமக்கு, அளந்த பிறகு என்ன செய்யணும் என்பதும் தெரியணும்.

49/ சந்தேகம் இருந்தால் கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். ரிப்போர்ட் போட்டோவைப் பெயரோடு கமெண்டில் போடாதீங்க. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதலில் அவங்க ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. ஹெச்பிஎஸ்ஏஜி என்ற வரி இல்லேன்னா நாளைக்கே போய்க் கேளுங்க.